மூஞ்சேவுடன் எம்.சி.ராஜா ஏன் கைகோத்தார்?

தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில் முதலாவதாக இருக்கும் பெயர் ஆதி ஆந்திரர். இரண்டாவது பெயர் ஆதிதிராவிடர். தெலுங்கும் தமிழும் அக்கம்பக்கமாகப் புழங்கும் ஆர்.கே.பேட்டை போன்ற எல்லை வட்டாரத்தில் இவை வெறும் வரிசை எண்கள் அல்ல. பள்ளிச் சேர்க்கையில், உதவித்தொகை விண்ணப்பத்தில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையில் ஒரு மனிதரை அரசு அடையாளம் காணும் சொற்கள் இவை. பறையர், பஞ்சமர் என்று இழிவுக் குறிப்போடு வழங்கிவந்த சொற்களை விடுத்து ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்றே அரசு வழங்க வேண்டுமென்று 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவர் எம்.சி.ராஜா. அன்று திருத்தணிப் பகுதி சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு போய், 1960 ஏப்ரல் 1 அன்று மீண்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அத்தீர்மானத்தின் இரண்டு பெயர்களும் பொருந்தும் மண் இது.

அதே எம்.சி.ராஜா, பத்தாண்டுகள் கழித்து, இந்து மகாசபையின் தலைவர் பி.எஸ்.மூஞ்சேவுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அண்ணல் அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதிக்காகப் போராடிக்கொண்டிருந்த அதே மாதங்களில், அதற்கு நேர் எதிரான கூட்டுத் தொகுதியை ஏற்று அவர் கையெழுத்திட்டார். நம் மேடைகளில் அவருடைய வாழ்வைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1922இல் நிறுத்திக்கொள்கிறார்கள். மேலே செல்பவர்கள் துரோகம் என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே சோம்பலான வழிகள் என்பது எங்கள் கருத்து.

இந்தக் கேள்வியை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. 2020 நவம்பர் 6 அன்று பாரதிய ஜனதா கட்சி தன் வேல் யாத்திரையைத் தொடங்கத் தேர்ந்தெடுத்த ஊர் திருத்தணி. அரசு அனுமதி மறுத்த நிலையில் அங்கே அதைத் தொடங்கிக் கைதானவர் கட்சியின் அன்றைய மாநிலத் தலைவர் எல்.முருகன். அவர் அருந்ததியர் சமூகத்தில் பிறந்த வழக்கறிஞர்; தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையத்தின் துணைத் தலைவராக இருந்தவர். நூறாண்டுக்கு முன் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட மக்களின் வழித்தோன்றல் ஒருவர், வேலைக் கையிலேந்தி, வைதிக மரபைக் காக்க நிற்கும் கட்சிக்குத் தலைமை தாங்கி வந்தார். இக்காட்சியைப் பார்த்து நம் தோழர்கள் பலர் சிரித்தார்கள். இவ்வட்டாரத்துக் குடியிருப்புகளில் வேலை செய்யும் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றுவரை நம்மோடு மறியலில் அமர்ந்த இளைஞர்கள் சிலர் அந்தப் பக்கம் போயிருப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர்களைப் பற்றிப் பேசும்போது பணம், மது, அறியாமை என்ற மூன்று காரணங்களே நம் வாயில் வருகின்றன. எம்.சி.ராஜாவுக்கு இம்மூன்றில் எதையும் சொல்ல முடியாது. ஆகவேதான் அவரிடமிருந்து தொடங்குகிறோம்.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883 ஜூன் 17 அன்று சென்னையை அடுத்த பரங்கிமலையில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் கல்லூரியிலும் படித்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பள்ளி ஆசிரியரானார், பாடநூல்கள் எழுதினார். சேரிப் பிள்ளையைப் பள்ளித் திண்ணையில்கூட உட்காரவிடாத காலத்தில் ஒரு பறையர் எழுதிய நூலை வைத்து மற்றச் சாதிப் பிள்ளைகள் படித்தார்கள் என்பது சாதாரணச் செய்தி அல்ல. சைதாப்பேட்டையில் அவர் பெயரால் இருக்கும் கல்லூரி மாணவர் விடுதியில் தங்கிப் படித்தவர்கள் இக்கட்டுரையின் வாசகர்களில் கட்டாயம் இருப்பார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் முதலில் நிற்பவர் ஓர் ஆசிரியர்.

1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். அதே ஆண்டில்தான் பிராமணரல்லாதார் இயக்கம் தென்னிந்திய நல உரிமைச் சங்கமாக, பின்னர் மக்கள் சொன்ன பெயரில் நீதிக்கட்சியாக, உருவெடுத்தது. பிராமண ஆதிக்கத்தை எதிர்ப்பவர்கள் தம் மக்களுக்கு இயல்பான துணைவர்கள் என்று ராஜா கணக்கிட்டார். அக்கணக்கில் நியாயம் இருந்தது. மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920இல் அமைந்த சட்டமன்றத்தில் நீதிக்கட்சி ஆட்சிப் பொறுப்பேற்றபோது அவர் கட்சியின் முன்வரிசையில் இருந்தார். சொத்தும் வரியும் வாக்குரிமைக்கு அளவுகோலாக இருந்த நாள்கள் அவை. சேரியில் வாக்காளர் என்று சொல்லத் தக்கவர் அரிதினும் அரிது. தாழ்த்தப்பட்டோரின் குரல் என்பது மன்றத்தில் இருந்த ஒருசிலரின் குரல்தான். அந்த ஒருசிலரைக் கட்சி எப்படி நடத்தியது என்பதே ராஜாவின் முதல் விலகலுக்கு விடை.

1921 செப்டம்பரில் வந்த முதல் வகுப்புவாரி அரசாணையை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். நினைவுகூரத்தான் வேண்டும். இடஒதுக்கீட்டு வரலாற்றில் அது ஒரு வாசல். ஆனால் அவ்வாசலில் தம் மக்களுக்கென்று தனிப் பங்கு ஏதும் எழுதப்படவில்லை என்பதை ராஜா கண்டார். பிராமணரல்லாதார் என்ற பெரிய கூடைக்குள் ஆதிதிராவிடரும் இருப்பதாகச் சொல்லப்பட்டது; பங்கிடும் நேரத்தில் கூடை அவர்கள் கைக்கு எட்டவில்லை. ராஜா தூதுக்குழுவைத் திரட்டி முறையிட்டார். பலன் இல்லை.

அதே ஆண்டில் புளியந்தோப்பு எரிந்தது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் 1921 ஜூனில் தொடங்கிய வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலும் அதில் சேரவில்லை, வேலைக்குத் திரும்பினர். அவர்கள் ஏன் சேரவில்லை என்று கேட்காமல் அவர்களைக் கருங்காலிகள் என்பது எளிது. ஒரு மாதக் கூலி நின்றால் சாதி இந்துத் தொழிலாளிக்கு ஊரில் நிலமோ உறவோ இருக்கும். குடிசைவாசிக்கு அடுத்த வேளைச் சோறு இருக்காது. சங்கத்தின் தலைமையிலும் அவர்களுக்கு இடமில்லை. வேலைநிறுத்தம் சாதிக் கலவரமாக மாறியது. குடிசைகள் கொளுத்தப்பட்டன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அப்போது நீதிக்கட்சித் தலைவர்கள் எவர் பக்கம் நின்றார்கள்? ஒடுக்கப்பட்டோருக்கு உதவவென்று அரசு அமைத்திருந்த தொழிலாளர் துறை ஆதிதிராவிடருக்குச் செல்லம் கொடுப்பதே கலகத்துக்குக் காரணம் என்றார்கள். அம்மக்களை நகரத்தைவிட்டே அப்புறப்படுத்த வேண்டும் என்ற குரலும் அந்த வரிசையிலிருந்து எழுந்தது.

ராஜா 1923இல் நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார். கொள்கை மாற்றம் என்று இதைச் சொல்ல இயலாது. அவருடைய கொள்கை வெளியேறும் முன்பும் பின்பும் ஒன்றுதான்: தம் மக்களுக்குத் தனி எண்ணிக்கை, தனிக் கணக்கு, தனி இடம். கட்சிதான் அந்தக் கொள்கையை வைத்துக்கொள்ள இடம் தரவில்லை.

1925இல் ஒடுக்கப்பட்ட இந்துக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். 1926இல் உருவான அகில இந்திய ஒடுக்கப்பட்டோர் சங்கத்துக்கு அவர் தலைவர். அம்பேத்கர் துணைத் தலைவர். 1927இல் தில்லியின் மத்திய சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். நாடு முழுவதற்குமான ஒடுக்கப்பட்டோர் தலைவர் என்றால் அன்று முதலில் சொல்லப்பட்ட பெயர் ராஜாவின் பெயர்தான். அம்பேத்கரை மட்டுமே அறிந்த நம் தலைமுறைக்கு இது வியப்பாக இருக்கலாம். பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வரிசையை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோர் சார்பில் அழைக்கப்பட்டவர்கள் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும். ராஜாவுக்கு அழைப்பு இல்லை. மூத்தவரை வெளியே நிறுத்திவிட்டு வீட்டுக்குள்ளே பாகப்பிரிவினை நடந்தால் அவர் மனம் எப்படி இருக்கும்? தன்மானத்துக்கு ஏற்பட்ட இந்தக் காயம் 1932 முடிவில் பங்கு வகித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்பவர்கள் மற்றதைப் பார்க்க மறுக்கிறார்கள்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இன்று தேர்தல் ஆணையம் தனித்தொகுதி என்று சொல்வது, வேட்பாளர் மட்டும் பட்டியல் சாதியினராக இருந்து, ஊரே வாக்களிக்கும் தொகுதி. 1930களில் பேசப்பட்ட தனி வாக்காளர் தொகுதி வேறு. அதில் வேட்பாளரும் ஒடுக்கப்பட்டவர், வாக்களிப்பவர்களும் ஒடுக்கப்பட்டவர்கள் மட்டுமே. இந்த வேறுபாடு விளங்காமல் மூஞ்சே ஒப்பந்தமும் விளங்காது, இன்றைய அரசியலும் விளங்காது.

1931 வரை ராஜாவும் தனி வாக்காளர் தொகுதியையே கேட்டுவந்தார். 1932இன் தொடக்க மாதங்களில் கருத்தை மாற்றி, மூஞ்சேவுடன் உடன்பாடு செய்தார். கூட்டுத் தொகுதியை ராஜா ஏற்பார். பதிலுக்கு மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் இடங்களை ஒதுக்க இந்து மகாசபை ஒத்துக்கொள்ளும். இதுதான் உடன்பாட்டின் உள்ளடக்கம். மூஞ்சே யார் என்பது ராஜாவுக்குத் தெரியாததல்ல. நாகபுரியின் பிராமணக் கண் மருத்துவர், ஹெட்கேவாரின் வழிகாட்டி, 1931 மார்ச்சில் இத்தாலி சென்று முசோலினியைச் சந்தித்துத் திரும்பியவர். அவருக்கு ஒடுக்கப்பட்டோர் மீது திடீர்ப் பாசம் பிறக்கவில்லை. முஸ்லிம்களுக்கு எதிராக இந்துக்களின் தலைக்கணக்கு குறையக் கூடாது என்பதே அவர் கவலை. அம்பேத்கர் 1931 இறுதியில் இலண்டனில் முஸ்லிம்கள் உள்ளிட்ட சிறுபான்மையினரோடு சேர்ந்து உடன்பாட்டில் கையொப்பமிட்டபின் அக்கவலை அச்சமாக மாறியிருந்தது. அந்த அச்சத்துக்கு விலை உண்டு என்று ராஜா கண்டுகொண்டார். அவர் மூஞ்சேவிடம் போனதற்கு நாங்கள் காணும் முதன்மைக் காரணம் இது: எதிராளிக்குத் தம் மக்களின் எண்ணிக்கை அவசரமாகத் தேவைப்பட்ட தருணத்தில், அந்த எண்ணிக்கைக்கு எழுத்துபூர்வமாக ஒரு விலை பெற அவர் முயன்றார்.

இன்னொன்றும் உண்டு. நீதிக்கட்சியிலிருந்த பத்தாண்டுக்குக் குறைவான காலத்தில் ராஜா கேட்ட எதற்கும் எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி கிடைக்கவில்லை. நண்பர்கள் என்பதால் தாளில் எழுத வேண்டியதில்லை என்பது அவர்கள் போக்கு. பகைவர் என்று கருதத்தக்கவரோ தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். வழக்காடு மன்றத்தில் நிற்கும் எங்களுக்கு இது நன்கு பழகிய காட்சி. உறவினர் வாய்வார்த்தையாகச் சொன்ன பங்கைவிட, அந்நியர் எழுதிக்கொடுத்த பத்திரத்தை மனிதர் நம்புவதுண்டு. அப்பத்திரத்தின் ஷரத்துகளை யாரிடமாவது காட்டிப் படித்துக் கேட்டார்களா என்பதுதான் பிறகு வரும் சிக்கல்.

ராஜா அதைச் செய்யவில்லை என்பதே எங்கள் மதிப்பீடு. எத்தனை இடங்கள் என்பதில் கவனம் வைத்தவர், அந்த இடங்களில் அமர்பவரை யார் தேர்ந்தெடுப்பார்கள் என்பதைச் சிறிய விஷயமாகக் கருதிவிட்டார். சென்னை மாகாணத்திலேயே பல ஆதிதிராவிட அமைப்புகள் அவரோடு உடன்படாமல் தனி வாக்காளர் தொகுதியின் பக்கம் நின்றன. தலைவர் போன வழியே மக்கள் போகவில்லை.

1932 ஆகஸ்ட் 16 அன்று வந்த வகுப்புவாரித் தீர்ப்பு ஒடுக்கப்பட்டோருக்கு மாகாண மன்றங்களில் 71 இடங்களைத் தனி வாக்காளர் தொகுதியோடு வழங்கியது; சென்னைக்கு 18. பொதுத் தொகுதியிலும் அவர்கள் வாக்களிக்கலாம் என்பதால் அது இரட்டை வாக்குரிமை. செப்டம்பர் 20 அன்று எரவாடாச் சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 148 ஆயின, சென்னைக்கு 30. தொகுதி, கூட்டுத் தொகுதி. ஒரே ஒரு காப்பு வைக்கப்பட்டது: முதற்கட்டத்தில் ஒடுக்கப்பட்டோர் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்வார்கள், அந்நால்வரில் ஒருவரைப் பிறகு ஊரெல்லாம் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். அம்பேத்கர் அழுத்தத்தின் கீழ் கையெழுத்திட்டார். ராஜா தம் கருத்து வென்றதாக எண்ணியே கையெழுத்திட்டார். பதினெட்டு எங்கே, முப்பது எங்கே? எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரி.

அடுத்த சில ஆண்டுகள் அவர் காங்கிரசுக்கு மிக அருகில் இருந்தார். உறுப்பினராக அல்ல, நம்பிக்கை வைத்தவராக. மத்திய சட்டமன்றத்தில் சி.எஸ்.ரங்க ஐயர் 1933இல் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவுக்கு ராஜா துணை நின்றார். இராஜாஜியும் அதற்காகத் தில்லியில் உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டினார். 1934இல் பொதுத் தேர்தல் நெருங்கியது. சனாதனிகளின் வாக்கு வேண்டியிருந்தது. காங்கிரஸ் பின்வாங்கியது, ரங்க ஐயர் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ராஜாவுக்கு இது இரண்டாவது பாடம்.

மூன்றாவது பாடம் மூஞ்சேவிடமிருந்தே வந்தது. இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935 அக்டோபரில் இயோலாவில் அம்பேத்கர் அறிவித்தபின், ஒடுக்கப்பட்டோர் இஸ்லாத்துக்குப் போய்விடுவார்களோ என்று மூஞ்சே பதைத்தார். சீக்கியத்துக்குப் போவதானால் இந்து மகாசபை தடுக்காது, பூனா ஒப்பந்த உரிமைகளும் தொடரலாம் என்ற திட்டத்தை 1936இல் ராஜாவுக்கு எழுதி ஒப்புதல் கேட்டார். ராஜா கடுமையாக மறுத்து, அக்கடிதப் போக்குவரத்தையே பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். ஆடு மாடுகளைப் போல ஒரு பட்டியிலிருந்து இன்னொரு பட்டிக்கு ஓட்டப்படும் கூட்டமல்ல தம் மக்கள் என்பது அவர் எழுதியதன் சாரம். அம்பேத்கரின் மதமாற்ற முடிவை அவர் புரிந்துகொண்ட விதத்தில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அந்த மறுப்பில் ஓர் உண்மை பளிச்சிடுகிறது. நான்காண்டுக்கு முன் தாம் ஒப்பந்தம் செய்துகொண்டவர், தம்மை ஒப்பந்தக்காரராக அல்ல, கைமாற்றத்தக்க தலைக்கணக்கின் காவலராகவே பார்த்துவந்தார் என்பதை அவர் அன்று கண்டார்.

அதே 1936இல், கடலுக்கு அப்பால், இதே போன்ற ஒரு கணக்கை வேறொரு மக்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடிமை முறையை ஒழித்த லிங்கனின் குடியரசுக் கட்சிக்கே தலைமுறைகளாக வாக்களித்துவந்த அமெரிக்கக் கறுப்பின மக்களில் பெரும்பான்மையோர் அவ்வாண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டுக்கு வாக்களித்தார்கள். தெற்கு மாநிலங்களில் நிறவெறிச் சட்டங்களை நடத்திக்கொண்டிருந்தது அந்த ஜனநாயகக் கட்சிதான். கறுப்பின மக்கள் நிறவெறியை ஏற்றுக்கொண்டுவிட்டார்களா? இல்லை. லிங்கனின் பெயரைச் சொல்லியே காலம் கடத்திய கட்சி, வேலையின்றிப் பட்டினி கிடந்தபோது எட்டிப் பார்க்கவில்லை. நிவாரண வேலை கொடுத்தவருக்கு வாக்குப் போனது. வாக்கு இடம் பெயர்வதையும் நம்பிக்கை இடம் பெயர்வதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் எந்த நாட்டு அரசியலும் விளங்காது. அங்கே வாக்கு போன கட்சியையே முப்பது ஆண்டுகள் உள்ளிருந்து நெருக்கிச் சிவில் உரிமைச் சட்டங்களை வாங்கினார்கள். அதற்கு அவர்களிடம் சொந்த அமைப்புகளும் தேவாலயங்களும் பத்திரிகைகளும் இருந்தன. ராஜாவிடம் அவ்வாறு எதுவும் போதுமான அளவில் இல்லை.

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் 215 இடங்களில் 159ஐ காங்கிரஸ் வென்றது. ஒடுக்கப்பட்டோருக்கான 30 இடங்களில் 26 காங்கிரசுக்கே போயின. பதவி ஏற்பதில் காங்கிரஸ் தயங்கிய மூன்று மாதம் கே.வி.ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால அமைச்சரவை அமைந்தது. அதில் ராஜா வளர்ச்சித் துறை அமைச்சர். பதினான்கு ஆண்டுக்கு முன் கோபித்துக்கொண்டு வெளியேறிய நீதிக்கட்சியின் மனிதர்களோடு மீண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்தார். ஜூலையில் அது கலைந்து இராஜாஜி முதல்வரானார்.

1938இல் ராஜா இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். பொதுக் கிணறு, சாலை, வண்டி முதலியவற்றில் தீண்டாமைத் தடையை நீக்கும் சிவில் குறைபாடுகள் ஒழிப்பு மசோதா இராஜாஜியின் ஆதரவோடு சட்டமானது. இது ராஜாவின் பெயரில் எழுத வேண்டிய பெரிய சாதனை, பாடப்புத்தகங்கள் எழுதுவதில்லை. மற்றது கோயில் நுழைவு மசோதா. அதற்கும் முதல்வரின் இசைவு உண்டென்று நம்பியே அவர் அவைக்கு வந்தார். மலபாரில் முதலில் செய்து பார்க்கலாம், மாகாணம் முழுவதற்கும் இப்போது வேண்டாம் என்று இராஜாஜி எதிர்த்தார். வாக்கெடுப்பில் மசோதா தோற்றது. தோற்கடித்தவர்களோடு சேர்ந்து கை தூக்கியவர்களில், ஒடுக்கப்பட்டோருக்கான இடங்களிலிருந்து காங்கிரஸ் சார்பில் வந்த உறுப்பினர்களும் இருந்தார்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். அந்த உறுப்பினர்கள் கோயிலுக்குள் நுழைய விரும்பாதவர்கள் அல்லர். வாசலில் நிறுத்தப்பட்ட அவமானம் அவர்களுடையதும்தான். ஆனால் அவர்களை வேட்பாளராக்கியது கட்சி. வெல்லவைத்தது ஊர்த்தெருவின் வாக்கு. கட்சிக் கொறடாவின் சொல்லை மீறினால் அடுத்த தேர்தலில் அவர்களுக்கு நிற்க இடமில்லை. 1932இல் ராஜா பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடையே கண்ட வேறுபாடு இப்போது அவர் கண்ணெதிரே கை தூக்கி நின்றது. அவர் காந்திக்கு எழுதி முறையிட்டார். இராஜாஜியை நம்பும்படியே காந்தியிடமிருந்து பதில் வந்தது. பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதை எண்ணி ராஜா வருந்தியது இதற்குப் பிறகுதான். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலய நுழைவு நடந்தபின் அதற்குச் சட்டப் பாதுகாப்பு தர அரசு விரைந்தது. ஓராண்டுக்கு முன் ஓர் ஆதிதிராவிடர் உரிமையாகக் கேட்டது மறுக்கப்பட்டு, பிறகு பெரியவர்களின் பெருந்தன்மையாக வழங்கப்பட்டது. மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. திருத்தணி மலையின் 365 படிகளில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து ஏறும் நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எங்களுக்குச் சந்தேகமே. தெரிந்திருந்தால் அவர்கள் வேல் யாத்திரையை வேறு கண்ணோடு பார்த்திருக்கக்கூடும். தெரியப்படுத்த வேண்டியவர்கள் நாம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பக்கம் போனவர்களிடம் பேசிப் பார்த்தால், அவர்கள் மனுநூலைப் பற்றியோ இந்து தேசத்தைப் பற்றியோ பேசுவதில்லை. வழக்கு பதிவு செய்ய காவல் நிலையத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தபோது, நாம் வாக்களித்துவந்த கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர் எதிர்த் தரப்பின் சாதிக்காரராக இருந்து சமரசம் பேச வந்தார் என்கிறார்கள். சமூக நீதி என்ற சொல் மேடையில் இருக்கிறது, பஞ்சமி நிலம் இன்னும் மற்றவர் பட்டாவில் இருக்கிறது என்கிறார்கள். பதவி என்றால் கொடி கட்டும் பதவிதான் நமக்கு, அங்கே மாவட்டப் பொறுப்பு தருகிறார்கள் என்கிறார்கள். மூத்த சமூகமே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது என்று அருந்ததியர் குடியிருப்பில் நம்மை நோக்கியும் விரல் நீள்கிறது. 2009இல் வந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை நம்மில் சிலர் எதிர்த்ததை அவர்கள் மறக்கவில்லை. இவற்றில் எது பொய்? இவை அனைத்தும் ராஜா 1921இலும் 1923இலும் சொன்ன புகார்களின் மறுபதிப்பு. போன இடத்தில் அவர்களுக்குக் கிடைக்கப்போவதும் ராஜாவுக்கு மூஞ்சேவிடம் கிடைத்ததாகவே இருக்கும் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்: பதவி கிடைக்கும், படம் அச்சாகும், வாக்கெடுப்பு என்று வரும்போது கொறடாவின் சொல் இருக்கும். ஆனால் இதை அவர்களிடம் சொல்லும் தகுதி, 1921ஐயும் அதே மூச்சில் சொல்பவர்களுக்குத்தான் உண்டு.

நாங்கள் வாழும் வட்டாரம் அரக்கோணம் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. அது பொதுத் தொகுதி. பக்கத்துத் திருவள்ளூர் தனித்தொகுதி. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 பட்டியல் சாதியினருக்கானவை. இந்த எண்ணிக்கைகள் எல்லாம் பூனாவில் பிறந்த கணக்கின் பிள்ளைகள். ஒதுக்கப்பட்ட இடத்தில் வென்றவர், ஒரு வன்கொடுமை நடந்தால் தன் கட்சித் தலைமை வாய் திறக்கும்வரை காத்திருப்பதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அவர் மனசாட்சி இல்லாதவர் என்று திட்டுகிறோம். அவரை வெல்லவைக்கும் வாக்குகளில் மிகுதி எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

1942 மார்ச்சில் கிரிப்ஸ் தூதுக்குழு தில்லி வந்தபோது, ஒடுக்கப்பட்டோருக்கு அத்திட்டத்தில் பாதுகாப்பு இல்லை என்று முறையிடச் சென்றவர்கள் இருவர்: அம்பேத்கரும் எம்.சி.ராஜாவும். பத்தாண்டு எதிரெதிராக நின்றவர்கள் ஒரே மனுவோடு ஒரே அறைக்குள் போனார்கள். அதே ஆண்டு ஜூலையில் நாகபுரியில், மூஞ்சேவின் ஊரில், அகில இந்தியப் பட்டியல் சாதியார் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. அதன் தலைவராக வந்தவர் சென்னையின் என்.சிவராஜ். ஆகஸ்டில் எழுந்த வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ராஜா எதிர்த்தார். அதற்கு அடுத்த ஆண்டு, 1943 ஆகஸ்டில், தாம் பிறந்த பரங்கிமலையிலேயே காலமானார். அவருக்கு வயது 60.

மூன்றாண்டு கழித்து 1946 தேர்தல் வந்தது. சென்னை உள்ளிட்ட மாகாணங்களில் ஒடுக்கப்பட்டோர் மட்டும் வாக்களித்த முதற்கட்டத்தில் பல இடங்களில் முன்னிலை பெற்ற கூட்டமைப்பு வேட்பாளர்கள், ஊரெல்லாம் வாக்களித்த இறுதிக் கட்டத்தில் தோற்றுப்போனார்கள். குடியரசின் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது இடங்கள் தொடர்ந்தன. அந்த முதற்கட்டத் தேர்தல் தொடரவில்லை.